அடுப்பை மறந்து வரைந்த வீட்டுப் படம்

கீரிமலைப் பக்கத்தில் ஒரு புதுவீட்டின் குடிபூரல், பால் காய்ச்சிக் குடிபுகும் நாள். சுபநேரம் முடியக் கால்மணி நேரம்கூட இல்லை. புதுப்பானையில் பால் அப்படியே கிடக்கிறது. தீயை மூட்ட மூட்டக் காற்று அணைக்கிறது. அந்தக் காற்றுக்கு வழி வைத்தவன் நான்தான். முப்பது வருடமாக வீட்டுப் படம் வரைகிறவனுக்கு இப்படியொரு மானக்கேடு!

வீட்டுக்காரி வசந்தி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். பழைய வீட்டின் கொங்கிறீட் கூரைச் சூட்டில் இரண்டு தரம் மெஷினுக்கு முன்னாலேயே மயங்கி விழுந்திருந்தார்.

"ஐயா, காத்து வாற மாதிரி ஒரு வீடு கீறித் தாங்கோ. இல்லாட்டி நான் தையலை விட வேண்டியதுதான்."

உற்சாகமாக வரைந்தேன். ஓட்டுக்கூரை, அகன்ற தாழ்வாரம். மேற்கு வெயிலை மறைத்த வேம்பை வெட்ட விடவில்லை. சோளகக் காற்று அடிக்கும் தெற்குச் சுவரைத் துளைக்கற்களால் கட்டினேன். சூடு வெளியேறக் கூரையடியில் இடைவெளி. துளைகளுக்குக் கதவு வைக்கவில்லை. வைத்தால் சனம் பூட்டிவிடும் என்று எனக்கொரு பிடிவாதம்.

வீட்டுக்குக் காசு போட்ட வசந்தியின் அண்ணர் லண்டனிலிருந்து வந்து பார்த்தார். ஆள் நல்ல பருமன்.

"இதென்ன வீடோ, கோழிக்கூடோ? ஏசி போட்டால் குளிர் எங்க நிக்கும்?"

"ஏசி வேண்டாமெண்டுதானே ஓட்டை விட்டனான்!"

"சரி பாப்பம். குடிபூரலண்டு எனக்கு வேர்த்துதெண்டால், அடுத்தநாளே மேசனைக் கூப்பிட்டு எல்லா ஓட்டையையும் பூசிப்போடுவன்."

வசந்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அந்தக் குடிபூரலன்றைக்குத்தான் இந்தக் கூத்து. சமையலறைப் படத்தில் பெருமையோடு காற்றுக்கு அம்புக்குறி போட்டவன், அங்கே தீ எரிய வேண்டும் என்பதை மறந்துபோனேன். ஓடிப்போய்த் துளைச் சுவருக்கு முன்னால் நின்றேன். நான் ஒல்லி. காற்று என்னைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் போனது.

"பால் பொங்காட்டி எப்பிடி ஐயா?" வசந்தியின் குரல் உடைந்தது.

"தள்ளுங்கோ!" என்று வந்தார் அண்ணர். துளைகளுக்கு முதுகைக் கொடுத்து, சால்வையை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார். தீ நிமிர்ந்தது. பால் நுரைத்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது.

"பொங்கிட்டுது! பொங்கிட்டுது!" வசந்தி கைகொட்டிச் சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

எல்லோரும் பால் குடிக்கத் தொடங்கியும் அண்ணர் அசையவில்லை. வசந்தி கூப்பிட்டார்.

"அண்ணை, காணும், இனி மறைக்க வேண்டாம். வாங்கோ பால் குடிக்க."

"கொஞ்சம் பொறு பிள்ளை. முதுகுக்கு நல்ல சுகமாக் கிடக்கு."

பிறகு மேசன் வரவில்லை, தச்சர்தான் வந்தார். அடுப்புக்கு நேரே இருந்த துளைகளுக்கு மட்டும் ஒரு பலகைக் கதவு போட்டோம். வசந்தி இப்போது மத்தியானத்திலும் தைக்கிறார்.

இளம் வரைவாளர்களே, காற்றுக்கு அம்புக்குறி போடுவதற்கு முன் அடுப்பு எங்கே என்று கேளுங்கள். எல்லா வீட்டிலும் அப்படியொரு அண்ணர் இருக்க மாட்டார்.