கிழங்கு மருந்து ஏறாத இருபது பெட்டிகள்

1. குலுக்கல்

வெள்ளைத் தட்டில் இருபத்தொரு உண்ணிகள் விழுந்தன. இரண்டு முறை எண்ணினேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு எள் காட்டோரம் நாற்பது பெட்டிகள் வைத்திருந்தோம். எல்லாம் இத்தாலியத் தேனீ. பெட்டிகள் முதலாளியுடையவை, பராமரிப்பு என்னுடையது. எள் அப்போதுதான் முளைத்திருந்தது. அரை டம்ளர் தேனீயை, ஏறக்குறைய முந்நூறு இருக்கும், வலைமூடி போட்ட பாட்டிலில் அள்ளி, பொடிச் சர்க்கரை தூவிக் குலுக்கினால் உண்ணி உதிரும். இரண்டு மூன்று என்றால் தூங்கலாம். இருபத்தொன்று என்றால் கூட்டமே காலி. வரோவா உண்ணி, தேனடையின் மூடிய அறைக்குள் இருக்கும் இளம் புழுவை உறிஞ்சிப் பெருகும். அந்த அறையிலிருந்து சிறகு சுருங்கிய தேனீதான் வெளியே வரும்.

முதலாளி தட்டைப் பார்த்தார். "இதுக்கு ஏம்மா இவ்வளவு யோசனை? மரவள்ளிக்குச் செம்பேன் மருந்து அடிக்கறமில்ல, அதுல பிளைவுட் துண்ட ஊறப்போட்டு உள்ள சொருகி உடு. அதுவும் பேன், இதுவும் பேன்."

எங்கள் பக்கம் பலர் செய்வதுதான். கிழங்குக் காடு இருக்கும் வீட்டில் அந்த மருந்து டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். உண்ணி செத்தது, அடை மெழுகில் மருந்து தங்கிவிட்டது.

"நான் சொருக மாட்டனுங்க" என்றேன்.

2. ராணிக்கு ஜெயில்

என் திட்டம் வேறு. ராணியைச் சிறு கூண்டில் இருபத்து நான்கு நாள் அடைத்தால் புது முட்டை இல்லை, மூடிய அறை இல்லை, உண்ணி ஒளிய இடமில்லை. அப்போது ஆக்சாலிக் அமிலம் கரைத்த சர்க்கரைப் பாகைத் தேனீக்கள்மேல் அளந்து ஊற்றினால் உண்ணி செத்துவிடும்.

"ராணிய ஜெயில்ல போட்டுட்டா எள்ளுப் பூவுக்கு எவ போவா? நீ போறியா?"

"போறனுங்க. றெக்கை வாங்கிக் குடுங்க."

கடைசியில் பெட்டிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். அவர் இருபதில் பிளைவுட் துண்டு, என் இருபதில் கூண்டு.

பூத்தபோது தோற்றது நான்தான். புதுத் தேனீக்கள் தாமதமாகத்தான் வெளியே பறந்தன. என் பெட்டிகளில் எடுத்த தேன் அவருடையதில் பாதி. காட்டுக்குள் நுழைந்தாலே, "ஜெயிலரம்மா வாராங்க, ஒதுங்குங்க" என்பார்.

3. ஒரே கேன்

இருவர் தேனும் தனித்தனிக் கேன்களில் போயின. வாங்கும் கம்பெனி அவர் கேன்களைத் திருப்பி அனுப்பியது. ரிப்போர்ட்டில் செம்பேன் மருந்தின் பெயர் இருந்தது. என் தேன் பாஸ்.

அன்று அவர் குரல் தணிந்திருந்தது. "உன் தேன இதுல கலந்து உட்டுர்லாம் சாமி. மருந்து அளவு கொறஞ்சிரும், டெஸ்ட்ல தெரியாது."

அதுவரை அவர் என்னைச் சாமி என்று கூப்பிட்டதில்லை.

"கலக்க உட மாட்டனுங்க."

"பெட்டி யாரோடது?"

"உங்களோடதுதானுங்க. கலந்தீங்கன்னா கம்பெனிக்கு நானே போன் போட்டுச் சொல்லுவனுங்க. அப்பறம் நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."

கேன் மூடியில் இருந்த கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்தார்.

அவர் இருபது பெட்டிகளின் அடைகளையும் வெட்டி உருக்கினோம். அந்த மெழுகு திரும்பப் பெட்டிக்குள் போகவில்லை. அடுத்த எள் விதைப்புக்கு முன் அவரே நாற்பது ராணிக் கூண்டு வாங்கி வந்தார். பையை என் வண்டிமேல் வைத்துவிட்டுப் போனார்.

புதிதாகப் பெட்டி வைப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் குலுக்குங்கள், எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறினால் ராணியை அடையுங்கள். உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். பூ முடியும்வரை சிரிக்கட்டும்.