திரையில் அவள் உதடு அசைந்தது

இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான், அவர்கள் இல்லை. பேய் இருட்டினால்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில், மதிய ஆட்டத்தில்.

ஒசாகாவில் பேசாத படங்களுக்கு அப்போது நாங்கள்தான் வாய். திரைத்துணிக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து, படத்தில் உதடு அசையும்போதெல்லாம் குரல் கொடுப்போம். பெண்ணுக்கு நான், ஆணுக்கு சோஹாச்சி. புத்தாண்டு பிறந்ததும் எங்களுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். கேள்வி வந்தால் பதில் வந்தாக வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும்படி வாய் பழகியிருந்தது.

அந்த வாரம் வந்தது ஒரு குட்டிக் காதல் படம். ஆற்றுத்துறையில் காதலனிடம் விடைபெற்று, ஒருத்தி படகேறிப் போய்விடுவாள். அவன் கரையிலேயே நிற்பான். அவளாக நடித்தவர் கியோட்டோவைச் சேர்ந்த ஓர் ஆண். அந்தக் காலத்தில் பெண் வேஷமெல்லாம் ஆண்களுக்குத்தான். உன்னைவிட அவருக்குத்தான் வெட்கம் நன்றாக வருகிறது என்று சோஹாச்சி என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தான்.

கிமோனோ அங்கியில் நாங்கள் இடப்பக்கத்தை மேலே மடிப்போம். பிணத்துக்கு மட்டும் வலப்பக்கம் மேலே. திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறித் தெரியும். அதனால் படத்தில் வருகிற எல்லோரும் எங்கள் கண்ணுக்குப் பிணக்கோலம்தான். அதை வைத்து நாங்கள் அடிக்காத கேலி இல்லை.

அன்று வெளியே நல்ல மழை. படம் ஓடியது. காதலன் வழக்கம்போலப் பிணக்கோலத்தில் வந்தான். அவளைப் பார்த்தேன்... மடிப்பு சரியாக இருந்தது.

படச்சுருளைத் திருப்பி மாட்டியிருந்தால் இருவருக்கும் அல்லவா மாற வேண்டும்? அவளுக்கு மட்டும் மாறியிருந்தது. எங்களுக்குச் சரியாகத் தெரிகிறது என்றால், முன்னால் இருப்பவர்களுக்கு...?

சோஹாச்சியின் கையைத் தொட்டேன். அவன் வசனத்தில் மூழ்கியிருந்தான்.

அவள் படகில் ஏறினாள். முதுகைக் காட்டியபடியே போக வேண்டும். படகு நின்றது.

அவள் திரும்பினாள்.

கரையில் நின்றவனைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். எங்கள் பாயைப் பார்த்தாள்... சோஹாச்சியைப் பார்த்தாள்.

உதடு அசைந்தது.

நான் நினைக்கவே இல்லை. என் வாய் திறந்தது.

"என்கூட வர்றீங்களா?"

பக்கத்தில், காதலன் குரலில், குழைவாக...

"இதோ வர்றேன்."

முன்னால் கைதட்டல். திரை வெளுத்தது.

சோஹாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இல்லாத வசனத்தை ஏன் பேசின?"

"உதடு அசைஞ்சுது."

"ஆமா..." என்றான். "அசைஞ்சுது."

படம் ஓட்டும் கிஸாபுரோ அண்ணனிடம் ஓடி, மறுபடி ஓட்டச் சொன்னோம். ஓட்டினார். அவள் ஏறினாள், முதுகைக் காட்டியபடியே போனாள். திரும்பவே இல்லை.

அன்று மாலையே சோஹாச்சிக்குக் காய்ச்சல். ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வாரிக்கொண்டு போன இலையுதிர்காலம் அது. அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. எனக்குத்தான் தெரியும். அவன் தலைமாட்டை விட்டு நான் நகரவில்லை.

"வரமாட்டேன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லிடு சோஹாச்சி," என்று கெஞ்சினேன்.

அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. குரல்தான் வரவில்லை. விடிவதற்குள் போய்விட்டான்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் கியோட்டோவுக்குப் போய் அந்த நடிகரின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது, மனம் ஆறவில்லை. அவரும் அதே காய்ச்சலில் இறந்திருந்தார், நாங்கள் அந்த மதிய ஆட்டம் நடத்திய அன்று காலையில். ஒசாகாவுக்கு அவர் வந்ததே இல்லையாம்.

அவர் மனைவி தேநீர் ஊற்றித் தந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "நீங்க ஒசாகாதானே... உங்களை ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "கடைசி ராத்திரி பூரா அவரு ஒரே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. எங்க சொந்தத்துல, பழக்கத்துல யாருக்கும் அந்தப் பேரு கிடையாது."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"சோஹாச்சின்னு அங்க யாராச்சும் இருக்காங்களா?"