குமிழி விட்ட குற்றம்

கடலுக்கு அடியில் ஆட்களை இறக்கிக் காட்டும் தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: வாயில் காற்றுக்குழாய் இருப்பதால், கீழே இருக்கும் அரைமணி நேரமும் வாடிக்கையாளரால் பேச முடியாது. மேலே வந்ததும் அந்த அரைமணி நேரத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். ஜவுளிக்கடையோ, பேங்க் கவுண்டரோ, டூவீலர் ஷெட்டோ, ஏதோ ஓரிடத்தில் வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்டு காலம் தள்ளுகிற நீங்கள் என் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

நான் ராயபுரத்துக்காரன், பெயர் லாரன்ஸ். பத்து வருஷம் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் போய்ச் சிப்பி சுரண்டினேன். அங்கே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், தடவித் தடவித்தான் வேலை. ஒருநாள் காலில் கயிறு சுற்றிக்கொண்டு, மேலே எந்தப் பக்கம் என்றே தெரியாமல் கிடந்தேன். அதோடு விட்டுவிட்டேன். இப்போது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் ஸ்கூபாவுக்கு ஆள் கூட்டிப்போகிறேன். முக்கால் மணி நேரம் போனால் கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு. மீனவர்கள் அதைப் 'பாரு' என்பார்கள். அதில் விசிறி விசிறியாய்ப் பவளம், சந்து பொந்தெல்லாம் மீன். அந்தமான் என்று சொல்லமாட்டேன். தண்ணீர் தெளிந்த நாளில் அந்தமானுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

இந்தப் பிழைப்புக்குப் பங்குனியில் ஆபத்து வந்தது. நாங்கள் விடும் காற்றுக்குமிழிக்குப் பயந்து மீனெல்லாம் பாரை விட்டு ஓடுகிறது என்று குப்பத்தில் புகார். சித்திரை பிறந்ததும் பஞ்சாயத்து கூடி முடிவு சொல்லும் என்றார்கள். இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டால் நான் மறுபடியும் கப்பலுக்கு அடியில்தான் போகவேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இருட்டுக்கு எனக்குப் பயம். அந்த ஒரு மாதமும் வாடிக்கையாளர்களிடம் சிரித்த முகமாகவே இருந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எது நான்?

சோழிங்கநல்லூரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். முதல் கல்யாண நாளாம். கணவர் போனில் ஏதோ வெளிநாட்டுக் கடலின் படத்தைக் காட்டினார். ஊதா நிறப் பவளம், ஆரஞ்சு மீன், கண்ணாடி போலத் தண்ணீர். "இதே மாதிரி இருக்கும்ல?" என்றார், புடவைக்கடையில் ஜாக்கெட் துணிக்குப் பொருத்தம் கேட்பது போல. அன்றைக்குப் பார்த்து எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து கலங்கல் இறங்கி, தண்ணீர் பாசிப்பயறு வேகவைத்த நிறத்தில் இருந்தது.

வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனசு வரவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு கீழே போய், ஒவ்வொரு பவளத்துக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நெற்றியில் கட்டிய கேமராவில் வீடியோவும் எடுத்தேன். கரைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே பன்னிரண்டு நிமிஷ வீடியோவையும் இருவரும் பொறுமையாகப் பார்த்தார்கள். முடிந்ததும் அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"அண்ணா, இதுல எது நான், எது அவரு?"

வெளியேறும் வழி

அடுத்த வாரம் வந்தவர், மணலியில் ஒரு ரசாயன ஆலையில் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதாவது பிறந்தநாளுக்கு மகன் கொடுத்த பரிசாம் இது. மகன் அவரை ஏற்றிவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டபோதே நான் யோசித்திருக்கவேண்டும். சிலிண்டரைச் சோதித்த தேதி கேட்டார், காட்டினேன். முதலுதவிப் பெட்டி கேட்டார், காட்டினேன். அதில் இருந்த பஞ்சை எடுத்து முகர்ந்துவேறு பார்த்தார். படகு ஆடிக்கொண்டிருக்கும்போதே என்னையும் படகோட்டியையும் வரிசையாக உட்காரவைத்துப் பத்து நிமிஷம் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார். நல்ல வகுப்புதான், குறை சொல்லமாட்டேன். வகுப்பு முடிவதற்குள் எனக்கே கடலில் இறங்கப் பயமாகிவிட்டது.

எல்லாம் மாட்டி, படகின் விளிம்பில் உட்கார்ந்து, பின்பக்கமாகச் சாயவேண்டிய நேரத்தில் குழாயை வாயிலிருந்து எடுத்தார். "எமர்ஜென்சி எக்ஸிட் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் விரலை வானத்தை நோக்கிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, சிலிண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"தம்பி, ஒரே ஒரு வழி இருக்கிற இடத்துக்கு முப்பது வருஷமா நான் யாருக்கும் பர்மிட் கொடுத்ததில்ல."

அப்பார்ட்மெண்ட் செய்த தப்பு

என் படகோட்டி தேசப்பன் அதே குப்பத்துக்காரர். பாரு இருக்கும் இடத்தை அவர் கரையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டியும் கோயில் கோபுரமும் ஒன்றன் பின்னால் ஒன்றாக நிற்கவேண்டும். இன்னொரு பக்கம் புகைபோக்கியும் ஒரு பனைமரமும் அதேபோல் நிற்கவேண்டும். இரண்டும் சேர்கிற இடத்தில் நங்கூரம் போட்டால் நேராகப் பாரு. இந்த ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதற்காக வாடிக்கையாளர்களைக் கரைக்கு முதுகு காட்டித்தான் உட்காரவைப்பார். ஜி.பி.எஸ். என்று நான் வாயெடுத்தால் போதும், குடும்ப மானத்தையே விற்கச் சொன்னதுபோல் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரோடு இறங்கினேன். கீழே மணல். எங்கே திரும்பினாலும் மணல். சுற்றிச் சுற்றி வந்ததில் ஒரு நண்டு மட்டும் கிடைத்தது, அதுவும் எங்களைப் பார்த்துவிட்டு மணலுக்குள் போய்விட்டது. பஞ்சாயத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி, இந்த நேரத்தில் இது வேறா என்று எனக்கு எரிச்சலான எரிச்சல். மேலே வந்து தேசப்பனைப் பிடித்தேன். அவர் கரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிக்கு முன்னால் புதிதாக ஒரு அடுக்குமாடி எழும்பி அதை மறைத்துவிட்டது. அவர் வேறு ஏதோ தொட்டியைப் பிடித்து எங்களை இறக்கியிருக்கிறார். டாக்டருக்கு ஒரு வார்த்தையாவது சமாதானம் சொல்லுங்கள் என்றேன். தேசப்பன் அவர் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்:

"பாரு அங்கியேதான் கீது சார். அப்பார்ட்மெண்ட்டதான் தப்பான எடத்துல கட்டிகினானுங்க."

தலைவரின் விசாரணை

சித்திரை பிறந்தது. வலை பின்னும் கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. கேட்டாலொழிய நான் பேசக்கூடாது என்பது அங்கே முறை. யாரும் கேட்கவில்லை. மீன் ஓடுகிறது என்று நாலு பேர் சொன்னார்கள், எங்கே ஓடுகிறது என்று இரண்டு பேர் எதிர்த்துக் கேட்டார்கள். கடைசியில் தலைவர் எட்டியப்பன் கையை உயர்த்தினார். அறுபதை நெருங்கியவர், நாற்பது வருஷமாகக் கடலில் இருப்பவர். "சும்மா பேசிகினே இருந்தா இன்னா ஆவும்? நானே எறங்கிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலையில் கரையிலேயே மூன்று முறை சொன்னேன்: தலைவரே, கீழே மூச்சை அடக்கவே கூடாது, இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கவேண்டும். தலையாட்டினார். இறங்கினோம். பாரின் மேல் நின்று திரும்பிப் பார்க்கிறேன், அவரிடமிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது. சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து அப்படியே அடக்கிவிட்டார். அதோடு கட்டைவிரலை உயர்த்தி மேலே போகலாம் என்கிறார். அடியில் இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே ஏறினால், அது உள்ளேயே விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். என் தொழில் போகட்டும், ஒரு குப்பத்தின் தலைவரைக் கொன்றுவிட்டு எந்த முகத்தோடு கரையேறுவது? பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். மூழ்கடிக்கிறேன் என்று நினைத்து நெஞ்சில் ஓர் உதை விட்டார். விடாமல் அவர் முகத்துக்கு நேராக நான் குமிழி விட்டுக் காட்டி, வயிற்றில் விரலால் குத்தினேன். புஸ்ஸென்று மொத்தக் காற்றும் வெளியே வந்தது. எனக்கு உயிர் வந்தது.

அவ்வளவு பெரிய குமிழிக் கூட்டத்தை நானே பார்த்ததில்லை. சங்கரா மீன்கள் கொஞ்சம் விலகி, உடனே திரும்பி வந்தன. பொந்தில் இருந்த ஒரு களவா மீன் அசையக்கூட இல்லை. தலைவர் நம்பவில்லை. அதன் பக்கத்திலேயே போய், வேண்டுமென்றே இன்னும் இரண்டு முறை விட்டுப் பார்த்தார். களவா வாயைத் திறந்து மூடியது, அவ்வளவுதான். அதன் பிறகுதான் பவளத்துக்கு நடுவே கிடந்த இரும்பு அவர் கண்ணில் பட்டது. ஒன்று, இரண்டு, பத்து. பாறையில் மாட்டிக்கொண்டதால் குப்பத்து மீனவர்கள் வருஷக்கணக்காகக் கயிற்றை அறுத்து விட்டுவிட்டு வந்த நங்கூரங்கள். போர்வெல் பைப்பில் தானே கம்பி வளைத்து வெல்டிங் செய்த ஒன்றைக் கண்டதும் அதைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

படகில் ஏறியதும், ஏன் தலைவரே மூச்சை அடக்கினீர்கள் என்று கேட்டேன். நான் மூச்சு விட்டு மீன் ஓடிவிட்டால் அப்புறம் ஊருக்கு எப்படி நியாயம் சொல்வது என்றார். மாலையில் கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் தீர்ப்புச் சொன்னார்.

"குமிழி மேல குத்தம் இல்ல, நானே வுட்டுப் பாத்துட்டேன். ஆனா நம்ம நங்கூரம் அத்தினியும் கீயதான் கெடக்குது. இனிமே இவன் ஒவ்வொரு தபா வரசொல்லோ ஒண்ண எடுத்தாந்து கரையில போடணும், அவ்ளோதான் பேச்சு."

ஆகவே, பவளம் பார்க்கவென்று வருகிறவர்கள் இப்போது நான் அடியில் நங்கூரத்தில் கட்டிவிடும் கயிற்றைப் படகிலிருந்து வேர்க்க விறுவிறுக்க இழுத்து, அந்தத் துருப்பிடித்த நங்கூரத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஒருவர்கூட இதுவரை தண்ணீரின் நிறத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.