பல்லு மாமாவின் மூன்றாவது கிளட்ச்

பல்லு மாமாவின் வண்டியிலிருந்து கழற்றிய கிளட்ச் பிளேட்டை மெக்கானிக் அக்கா என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அடிப்பிடித்த பாத்திரத்தின் நாற்றம். இரும்பு ஓரம் நீலம் பாரித்திருந்தது. பிடிமானத்துக்காக அதில் பதித்திருந்த துண்டுகளில் இரண்டைக் காணவே காணோம்.

“ஒன்றரை வருஷத்துல ரெண்டு பிளேட்டைத் தின்னுட்டாரு. இப்ப மாட்டப்போறது மூணாவது,” என்றாள். “உங்க மாடி மனுஷன் தினமும் எந்த மலை ஏறுறாரு?”

“மலையா? வேலைக்குப் போக பத்து நிமிஷம். வழியெல்லாம் கேரம் போர்டு மாதிரி தட்டைக்கா.”

“அப்ப ஏன் இப்படிக் கருகுது? இது ரேஸ் வண்டிக்குப் போடற பிளேட்டு. படக்குன்னு பிடிக்கும், படக்குன்னு விடும். ரெண்டுக்கும் நடுவுல வச்சு இழுத்துக்கிட்டே இருந்தா எரிஞ்சுடும். சாதா பிளேட்டுன்னா கொஞ்சம் பொறுத்துக்கும். மாத்திக்கோங்க சார்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?”

அது எனக்கும் புதிராகத்தான் இருந்தது. பல்லு மாமாவைப் பார்த்தால் ரேஸ் விடுகிற ஆள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். சட்டையின் மேல் பொத்தான் வரை போடுவார். படியில் பூனை படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நிற்பார். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை. எங்கள் பகுதியில் பாதிப் பேர் வாய்க்குள் இருப்பது அவர் கைவேலை. சண்டை போடும்போது பல்லைக் கடிக்கிற கிழவர்களைப் பார்த்தால், மாமாதான் அங்கே கடிபடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் தனியாக இருந்தார். இரண்டு நாற்காலி; ஒன்றில் அவர், இன்னொன்றில் பழைய பேப்பர். அலமாரி முழுக்க பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள். ராத்திரி எல்லாம் சேர்ந்து பேசுமோ என்று ஒரு தடவை கேட்டேன். “பேசினா நல்லாத்தான் இருக்கும்,” என்றார். அவற்றில் ஒன்று மட்டும் சின்னது, முன்பல் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியது. அதன் மேல் மட்டும் தூசி இருக்காது. “இது யாரோடது மாமா?” என்றால், “ஒரு பேஷண்டோடது,” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஐந்தரைக்கு வேலை முடிந்து வருவார். ஆறு மணிக்குக் குளித்து, தலை சீவி, மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு போவார். ஏழு மணிக்குத் திரும்பும்போது வண்டி கருகல் வாடையோடு வரும். எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. மாடிப்படி முழுக்க அதற்குப் பல கதைகள் உண்டு. அதில் மூன்று நான் கட்டியவை.

வண்டியின் பின்பக்க இடது கதவு பூட்டாது. பின் சீட்டில் ஒரு பழைய போர்வை கிடக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் நான் சும்மா இருப்பேனா? மூன்றாவது பிளேட் மாட்டிய அந்த வாரமே போர்வைக்குள் புகுந்து, கால் வைக்கிற இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டேன். திட்டம் எளிது. எங்கே போகிறார் என்று கண்டுபிடிப்பது, போன இடத்தில் “பே!” என்று எழுந்து நிற்பது.

ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்துத்தான் கிளம்பியது. என் மண்டை கதவில் இடித்தது. அந்தப் பெடலை மிதிக்க யானை பலம் வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு மிதிக்கும் மாமா மூச்சை இழுத்து விடுவது கேட்டது. பிறகு ஒரு மேடு. என் உடம்பெல்லாம் சீட்டுப் பக்கம் சரிந்தது.

வண்டி நின்றது. ஆனால் இஞ்சின் நிற்கவில்லை. உறுமிக்கொண்டே, குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி வண்டி நடுங்கியது. விரலளவு முன்னால், விரலளவு பின்னால் அசைந்தது. கருகல் வாடை ஏற ஆரம்பித்தது. அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாமா எந்த மலையும் ஏறவில்லை, மேட்டில் கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.

“சாப்பிட்டியா?” என்றார் மாமா.

எனக்கு உயிரே போய்விட்டது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் மறுபடி, வேறு குரலில், “சாப்பிட்டியா கண்ணு?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.” அதையே இன்னும் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு பல்லாக வாயருகே வைத்து நிறம் பொருந்துகிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி.

எழுந்து “பே” சொல்ல வேண்டிய இடம் எப்போதோ கடந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். புகை விடவில்லை. இருமிவிட்டேன்.

“ஐயோ!” வண்டி பின்னால் உருண்டு, குலுங்கி, அணைந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு திரும்பினார். “வாலு! நீ எங்கடி இங்க?”

“பே,” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவசரமாக வண்டியைக் கிளப்பி, மறுபடி அதே இடத்தில் நடுங்க வைத்து, எதிர் வீட்டு மாடியைக் காட்டினார். திரை போட்ட ஜன்னல். உள்ளே விளக்கு. திரைக்குப் பின்னால் ஒரு தலையும் தோளும் நிழலாகத் தெரிந்தன.

“என் பொண்ணு. அவ அம்மாகூட இங்க இருக்கா. படிக்கிறா. பாரு, அசையறாளா? அரை மணி நேரமானாலும் அப்படியே இருப்பா. நான் அந்த வயசுல அஞ்சு நிமிஷம் உக்காந்ததில்ல.”

“நானும்தான் மாமா. ஒன்பதாவதை ரெண்டு வருஷம் படிச்சேன், அவ்வளவு ஆசை.” அவர் சிரிக்கவில்லை. “உள்ள போகலாம்ல?”

செல்போனை எடுத்துக் காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய செய்தி. ‘இப்ப வர வேணாம்ப்பா. பரீட்சை இருக்கு, படிக்கணும்.’

“இந்தப் பரீட்சை ரெண்டு வருஷமாவா நடக்குது?”

“அதுக்கப்புறம் ஒண்ணும் வரலை. கூப்பிட்டா, அந்த நம்பரே இல்லைங்குது. அவ அம்மா நம்பர் அது.” வண்டி வழுக்கியது, பெடலைச் சரிசெய்தார். “முடிச்சுட்டுக் கூப்பிடுவா.”

“சரி, ஹேண்ட் பிரேக்கையாவது போடுங்களேன். கிளட்ச் எரியுது.”

“போட்டா நிறுத்தினதா ஆயிடும். வர வேணாம்னு சொல்லியிருக்கா. நான் வரலை. இந்த வழியா போறேன், அவ்வளவுதான். கால் பிரேக்கை மிதிச்சா பின்னாடி சிவப்பா எரியும், யாராவது எட்டிப் பார்ப்பாங்க.”

திரும்பி வரும்போது மிச்சத்தையும் சொன்னார். பொண்ணுக்குப் பன்னிரண்டு வயதில், நம்ம வண்டி ஆமை மாதிரி போகுது என்று ஒரே கேலியாம். அதனால்தான் ரேஸ் கிளட்ச். அவள் டார்ச் பிடிக்க, வண்டிக்கடியில் படுத்து இவரே மாட்டியிருக்கிறார். மாட்டி முடித்ததும் அவள் ஒரு சட்டம் போட்டாளாம்: என்னைக் கேக்காம இதை மாத்தக் கூடாது. அவரும் மாற்றவில்லை. தேயத் தேய அதே மாதிரி இன்னொன்று.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் நானும் முன் சீட்டில் போனேன். அம்மாவிடம் டைப்பிங் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டேன். மாமா ஒத்திகை பார்ப்பார், நான் தப்புப் பிடிப்பேன். “கண்ணு வேணாம் மாமா, எனக்கே கூச்சமா இருக்கு.” “அப்ப எப்படிக் கூப்பிட?” “பேரைச் சொல்லுங்க.” சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கிவிடுவார். அந்த நிழல் ஒரு நாளும் தலை தூக்கியதில்லை.

நாலு மாதத்தில் கியர் போட்டால் இஞ்சின் கத்தியது, வண்டி நகர யோசித்தது. அக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு வாரம் தாங்கினா அதிசயம். நட்டநடு ரோட்டுல கைவிரிச்சுடும்,” என்றாள். மாமா தலையாட்டினார். ஆறு மணிக்குக் குளித்துத் தலை சீவினார்.

அது தானாக நிற்பதற்குள் நாமே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மேட்டில் ஏறி வண்டி நடுங்க ஆரம்பித்ததும், ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். அவர் திரும்புவதற்குள் சாவியைத் திருகிப் பிடுங்கிக்கொண்டு கதவைத் திறந்து ஓடினேன்.

“அடியே! வாலு! சாவியைக் குடுடி!”

பெல்லை அழுத்தினேன். இன்னொரு தடவை. கழுத்தில் இஞ்ச் டேப், உதட்டில் இரண்டு குண்டூசியோடு ஒருவர் திறந்தார். குண்டூசியை எடுத்துவிட்டு, “யாரும்மா வேணும்?” என்றார். சொன்னேன்.

“அந்தம்மாவும் பொண்ணுமா? அவங்க காலி பண்ணி எட்டு மாசமாச்சே.”

“அப்ப மேல ஜன்னல்கிட்ட படிக்கிற பொண்ணு?”

“பொண்ணா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மேல வந்து பாரும்மா உன் பொண்ணை.”

மாடியில் ஜன்னலை ஒட்டி ஒற்றை இரும்புக்காலில் ஒரு தையல் பொம்மை நின்றது. ஒரு கை மட்டும் தைத்த கோட்டு போட்டிருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் தையல்காரரின் தொப்பி. பின்னால் பல்ப் எரிந்தது. எட்டு மாதமாக அசையாமல் படித்தது இதுதான்.

திரையின் ஓரத்தை விரலளவு நீக்கிக் கீழே பார்த்தேன். மாமா வண்டியிலேயே இருந்தார். கண்ணாடியை இறக்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மையின் பக்கத்தில் இன்னொரு நிழல் வந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

என்னை அல்ல. எனக்குத் தெரியும். இருந்தாலும் நானும் ஆட்டினேன். அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

தையல்காரர் மேஜை டிராயரைத் துழாவி ஒரு சீட்டைக் கொடுத்தார். தபால் ஏதாவது வந்தால் அனுப்பச் சொல்லி அந்தம்மா எழுதி வைத்துவிட்டுப் போன விலாசம்.

நான் இறங்கி வந்தபோது மாமா வண்டியை விட்டு வெளியே நின்றிருந்தார். அந்த மேட்டில் அவர் கால் பட்டு நான் பார்த்தது அன்றுதான். விரலாலேயே தலையைக் கோதிக்கொண்டார்.

“என்ன சொன்னா?”

நான் வாயைத் திறந்தால் பொய் தானாக வரும். அம்மா, டீச்சர், பஸ் கண்டக்டர், யாராக இருந்தாலும் சரளமாக வரும். அன்றைக்கு வரவில்லை.

“அவங்க இங்க இல்ல மாமா. காலி பண்ணி எட்டு மாசமாச்சாம்.”

ஜன்னலைப் பார்த்தார். “அப்ப அது?”

“அது... அந்தத் தையல்காரர் பொண்ணு. பயங்கரமா படிக்குமாம்.”

ஒரே ஒரு பொய்தான் வந்தது.

“நல்ல பொண்ணு,” என்றார். “நல்லா படிக்கட்டும்.” சீட்டை வாங்கி, படிக்காமலே, கண்ணுக்கு மேலே வெயில் மறைக்கிற அட்டையில் செருகினார்.

என்னிடம் சாவியை வாங்கிப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தினார். இஞ்சின் ஊரைக் கூட்டியது. வண்டி ஒரு அங்குலம் முன்னால் நகரவில்லை. மூன்றாவது பிளேட் அங்கேயே முடிந்தது. மெக்கானிக் அக்கா வந்து கயிறு கட்டி இழுத்துப் போனாள்.

“அதே ரேஸ் பிளேட்டுதானே சார்?” என்று சலிப்போடு கேட்டாள்.

“சாதாவே போடும்மா,” என்றார் மாமா.

அதன் பிறகு மாமா வேலைக்குப் போனார், ஐந்தரைக்கு வந்தார். ஆறு மணிக்குக் குளித்துத் தலை சீவி, பேப்பர் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு டைப்பிங் கிளாஸ் நின்றுபோனது. அம்மாவுக்குத்தான் ரொம்ப வருத்தம்.

ஆறு மாதம் கழித்து, ஆயில் மாற்றும்போது அக்கா கிளட்சையும் பார்த்தாள். “புதுசு மாதிரி இருக்குடி! மனுஷன் ஓட்டக் கத்துக்கிட்டாரு,” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. ஆயில் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன்.

வெயில் அட்டையை இறக்கினேன். சீட்டு இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, தாள் துணியாகிப் போயிருந்தது. விலாசத்தின் மேல் விரல் பட்டுப் பட்டு மை அழுக்காகியிருந்தது. படிக்காமல் செருகிய சீட்டு அது.

அன்று ஆறு மணிக்கு மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் தலை சீவி முடித்திருந்தார். “கீழ வாங்க,” என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். முன் சீட்டில் ஏறிக்கொண்டு, வெயில் அட்டையை இறக்கிவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் அந்தச் சீட்டைப் பார்த்தார். பிறகு சாவியைப் போட்டார்.

தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் கடைவீதி. வலது பக்கம் திரும்பினால் அந்த விலாசம் இருக்கிற பகுதி. வண்டி முனையில் நின்றது. இஞ்சின் மெல்ல உறும, கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அப்புறம் இன்னொருவன்.

நான் கையை ஹேண்ட் பிரேக் மேல் வைத்தேன்.

“அது வேணாம்டி,” என்றார். வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டார். பெடலை முழுசாக விட்டார். வண்டி குதிக்காமல் கிளம்பியது. அடுத்த சிக்னலில் நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

“கேக்காம கிளட்சை மாத்திட்டேன்னு முதல்ல சொல்லிடணும்,” என்றார்.