கடைசி அத்தியாயம் படிக்காதவர்

பூந்தமல்லி நூலகத்தில் சனிக்கிழமைகளில் அவரைப் பார்ப்பேன். எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி ஓட்டிவந்தவர். பெரிய மீசை, முழங்கைவரை நனைந்த காக்கிச் சட்டை. கையைத் துண்டில் நன்றாகத் துடைத்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுவார். ராஜா கதைகள் மட்டும்தான் படிப்பார். ஆனால் கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"கடைசில ராஜாவ சாவடிச்சிடறாங்க சார். நான் மூடி வச்சிட்டா அவரு உசுரோடதான கீறாரு?"

எனக்குப் பிடித்த சரித்திர நாவல் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "இதுல ராஜா சாகமாட்டாருண்ணே. தைரியமா முடிவு வரைக்கும் படிங்க."

"மெய்யாலுமா?" என்று வாங்கிப்போனார்.

அடுத்த வாரம் எனக்காக வாசலிலேயே காத்திருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"ராஜா பொழச்சிகினாரு சார். ஆனா அவரத் தூக்கிகினு ஆத்தத் தாண்டுச்சே ஒரு குதிர, அது செத்துப்பூடுச்சே! இன்னா சார், நீ சொல்லவே இல்ல?"

நான் இரண்டு முறை படித்த நாவல். குதிரை செத்தது என் நினைவிலேயே இல்லை.

பிறகு அவர் வேறு பக்கம் லாரி ஓட்டப் போய்விட்டார். நான் இன்றும் போர்க்கதை எதை எடுத்தாலும், குதிரைக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் தேடுகிறேன்.