பூட்டின இன்ஜின் சுற்ற மறுத்த கதை

மெக்கானிக் பட்டறைக்கு வாழ்க்கைப்பட்ட என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும், நன்றாக ஓடுகிற வண்டியை யாரும் நம் வாசலுக்கு ஓட்டி வருவதில்லை. உத்திரமேரூரில் எங்களுக்குப் பட்டறையும் வீடும் ஒரே கூரைதான். என் கணவர் இன்ஜினைப் பிரிப்பார். நான் பாகங்களை டீசலில் கழுவித் துடைத்துப் பலகையில் வரிசையாக வைப்பேன். எட்டாவது வரை படித்த எனக்கு அதற்கு மேல் தெரியாது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். பட்டறைப் பக்கம் வந்தவள் மருமகள் செல்விதான். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவள்.

முதல் இன்ஜின்

இரண்டு வருஷமாக ஆயில் மாற்றுவதற்கும் பிளக் துடைப்பதற்கும்தான் செல்வியை விட்டார் இவர். அவள் முகம் சுளித்ததில்லை. ஒருநாள் பாத்திரக் கடை பாயின் சின்ன வேன் புகை தள்ளிக்கொண்டு வந்தது. சந்தை சந்தையாக அவர் பாத்திரம் ஏற்றிப் போகிற வண்டி. இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றதும், "மாமா, இத நான் கட்டுறேன்" என்றாள் செல்வி.

பாயும், "குடுத்துத்தான் பாரேன் மேஸ்திரி" என்றார். வாடிக்கைக்காரர் சொன்ன பிறகு இவரால் மறுக்க முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னார்: "வண்டி ஓடுச்சுன்னா பட்டறையில இரு. ஓடலன்னா அதோட ஸ்பானரத் தொடக் கூடாது, வூட்டு வேலையப் பாத்துக்கினு இரு."

டக்

லேத்தில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, பத்து நாளில் செல்வி இன்ஜினைப் பூட்டி முடித்தாள். வேனில் ஏற்றியாயிற்று. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பாய் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். செல்வி சாவியைத் திருப்பினாள். "டக்" என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினாள். மறுபடி "டக்". அவ்வளவுதான்.

நான் சாமி படத்தைப் பார்த்தேன். இந்தப் பெண்ணைத் தலைகுனிய வைக்காதே என்று மட்டும்தான் கேட்டேன். பாய் வேனை ஒரு சுற்று சுற்றி வந்து பின்பக்கம் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, முன்ன பொகையாச்சும் வந்துக்கினு இருந்துச்சு. இப்ப அதையும் காணோமே!"

வெளியே தேடியது

மறுநாள் காலையில் செல்வி தேட ஆரம்பித்தாள். வேறு பேட்டரி கொண்டுவந்து இணைத்தாள். அதே டக். எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டினாள். செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தாள். அது தனியாக நன்றாகச் சுற்றியது. மூன்று பிளக்கையும் எடுத்து, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. கடைசியில் இன்ஜினைக் கையாலேயே சுற்றிப் பார்க்க, அதன் சுழல்தண்டான கிராங்கின் போல்ட்டில் நீளக் கம்பி மாட்டி இழுத்தாள். நானும் சேர்ந்து பிடித்தேன். இரண்டு பேர் தொங்கியும் அசையவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "கோளாறு வெளியில இல்ல அத்தை. நான் பூட்டுனதுலதான் கீது" என்றாள். அப்போது பாயும் வந்து நின்றிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்துகூட வரவில்லை. "புரிஞ்சிச்சா? ஸ்பானரக் கழுவி வெச்சிட்டு உள்ள போ."

நகம் தடுக்கிய இடம்

செல்வி உள்ளே போகவில்லை. பாயிடம் இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கினாள்; அவரும் அங்கேயே நின்று பார்த்தார். ஆயிலை இறக்கி, அடியில் ஆயில் நிற்கும் சேம்பரைக் கழற்றி, வண்டிக்குக் கீழே படுத்தாள். இன்ஜினில் ஒவ்வொரு பிஸ்டனிலிருந்தும் ஒரு ராடு இறங்கும். ராடு கிராங்கைப் பிடித்துக்கொள்ள அதன் அடியில் மூடி மாதிரி ஒரு கேப்பு. ராடையும் அதன் கேப்பையும் சேர்த்து வைத்துத்தான் கடைவார்களாம். ஒன்றின் கேப்பு இன்னொன்றுக்கு ஆகாது.

அவள் கீழே ஒவ்வொரு கேப்பாகத் தளர்த்த, நான் மேலே கம்பியை இழுத்தேன். நடு கேப்பைத் தளர்த்தினாள், அசையவில்லை. முதல் கேப்பு, துளி அசைந்தது. மூன்றாவதையும் தளர்த்தியதும் கம்பி அப்படியே சுற்றி, நான் விழப் போனேன். அவள் நகத்தால் தடவிப் பார்த்தாள். ராடும் கேப்பும் சேருமிடத்தில் நகம் தடுக்கியது. முதல் கேப்பையும் மூன்றாவதையும் மாற்றி வைத்தாள், தடுக்கவில்லை. அடியிலிருந்து அவள் குரல் வந்தது: "ஒண்ணும் மூணும் மாறிக் கீது. பலகையில வெச்ச வரிசையிலதானே எடுத்தேன், அத்தை?"

வெள்ளிக்கிழமை

நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ராடுகளில் பழைய குறி தேய்ந்துபோயிருந்தது. எது எதனுடையது என்று தெரியப் புள்ளி அடித்துக்கொள்ளலாமா என்று செல்வி கேட்டபோது, "எம் பலகதான் மார்க்கு" என்றுவிட்டார் இவர். முதல் கேப்பு வாசல் பக்கம், மூன்றாவது சுவர்ப் பக்கம். முப்பது வருஷமாக அதுதான் இங்கே முறை. வெள்ளிக்கிழமை, ராடுகள் இன்ஜினுக்குள் இறங்கிக் கேப்புகள் மட்டும் பலகையில் இருந்தபோது, அவற்றுக்குப் பொட்டு வைத்து, சாமியைப் பார்த்து இருக்கட்டும் என்று பலகையைத் திருப்பிக் கற்பூரம் காட்டினேன். பிறகு திருப்பி வைக்க மறந்துபோனேன்.

யாரும் பார்க்கவில்லை. நான் சொல்லாவிட்டால் செல்வியின் பிழையாகவே இருந்துவிடும். மாமியார் மருமகளிடம், அதுவும் வாடிக்கைக்காரர் எதிரில், தப்பு என்னுடையது என்று சொல்வது எத்தனை கஷ்டம் என்று சொன்னவர்களுக்குத்தான் தெரியும். அன்று சாமியிடம் வழி கேட்கவில்லை. வழி தெரிந்துதான் இருந்தது. "பலகையத் திருப்புனது நான்தாங்க. அவ மேல ஒண்ணும் இல்ல" என்றேன்.

இவர் தரையைப் பார்த்தார். செல்வி மெதுவாக, "கையால பூட்டுனப்ப சுத்துச்சு மாமா. கடைசியா கேப்பு போல்ட்ட நீங்க இறுக்குனீங்க இல்ல, அப்ப ஒரு சுத்து சுத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். பொம்பளைக் கைக்கு பலம் பத்தாது என்று அந்த வேலையை வாங்கிக்கொண்டவர் இவர்தான். பாய் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப ஸ்பானரக் கழுவி வெக்க வேண்டியது யாரு, மேஸ்திரி?"

மூன்று புள்ளி

இவர் போய்ப் புள்ளி அடிக்கும் பஞ்ச் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து செல்வியிடம் நீட்டினார். ஒன்றுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. அவளே இறுக்கினாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். சாயங்காலம் சாவியைத் திருப்பினதும் வேன் பிடித்துக்கொண்டது. செல்வி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டாள்.

அந்த வாரமே வந்த இன்னொரு இன்ஜினை, "நீயே பிரி" என்று அவள் பக்கம் தள்ளினார். வெள்ளிக்கிழமை நான் கற்பூரத் தட்டோடு வரும்போது குறுக்கே வந்து நின்றார். "பலகையத் தொடாதம்மே. வேணும்னா சாமிய இந்தப் பக்கம் திருப்பி வெச்சிக்கோ."

முப்பது வருஷம் பாகம் கழுவியதில் நான் சரிசெய்த வண்டி அந்த ஒன்றுதான், அதுவும் கையால் அல்ல, வாயால்.