உறைய மறுத்த ரத்தம்

ஆபரேஷன் அறை வாசலில் பெஞ்சு இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. நடந்தேன், நின்றேன், கதவைப் பார்த்தேன், மறுபடி நடந்தேன். பிள்ளைகளே, உங்கள் அம்மாவோ அப்பாவோ இப்படி ஒரு கதவுக்கு உள்ளே இருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். டாக்டர் சொல்லிப் புரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மனைவி சாந்தி மீது சேவூர் திருப்பத்தில் லாரி மோதியது. தொடையும் இடுப்பெலும்பும் உடைந்தன. நல்ல வெயில். மயக்கம் தெளியட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஈரச் சேலையோடே காரில் வேலூருக்குக் கொண்டுபோனோம்.

"ஏங்க இப்படி நனைச்சீங்க? உடம்பு சில்லுனு ஆனா ரத்தம் சரியா உறையாதுங்க" என்றார் டாக்டரம்மா. துடைத்து, போர்த்தி, ரத்தம் வருகிற இடத்தை அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமாம்.

சாந்திக்கு ஓ வகை. ஓ ரத்தம்தான் ஏற்ற முடியும். அந்த வகைக்காரர்களுக்கு, உறைய வைக்கும் சத்து ஒன்று பிறவியிலேயே கொஞ்சம் குறைவாம். அதனால் மட்டும் உயிர் போகாது என்றும் சொன்னார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டதும் அவள் அண்ணன் சேகர் ஓடி வந்தார். சோதித்தால் பி வகை. "ஒரே வயித்துல பொறந்தவங்க சார், அது எப்படி சேராம போவும்?" என்று லேப்காரரிடம் சண்டை.

பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏறியது. ஏறியதெல்லாம் வழிந்தது. ஊசி குத்திய இடத்தில்கூடக் கசிந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தார். "நாங்க ஏத்தறது சிவப்பணு. உறைய வைக்கிற சத்து பிளாஸ்மாவுல இருக்கு, அதாங்க ரத்தத்துல அணுவெல்லாம் எடுத்துட்டா மிஞ்சுற மஞ்சத் தண்ணி. ஓ பிளாஸ்மா தீர்ந்துடுச்சு. பி இருக்கு, அது இவங்களுக்குச் சேரும். அதுக்கு ஈடா அண்ணன் ரத்தம் குடுக்கட்டும்."

"செவப்பு சேரலை, மஞ்சத் தண்ணி சேருது. அப்போ பாதி அண்ணன்னு சொல்லுங்க!" சேகர் அழுதுகொண்டே சிரித்தார். என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நடந்துகினே கீறியே, பேஜாரா இருக்குது. உக்காருய்யா."

உட்காரவில்லை. பிளாஸ்மா ஏறி, கம்பளிக்குள் உடம்பு சூடாகி, பொழுது சாயும்போதுதான் நர்ஸ் வந்து, "கட்டுல புதுசா செவப்பு இல்லைங்க" என்றார்.

சாந்தி இப்போது நடக்கிறாள், கொஞ்சம் சாய்ந்து. மாறிப்போனது நான். மகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், துணி வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நிமிஷம் நகர்வதில்லை.

"விடுப்பா, எப்பவோ நின்னுடுச்சு. பஸ் போய்டும்."

கையை எடுத்துப் பார்ப்பேன். நின்றுதான் இருக்கும். மறுபடி அழுத்துவேன்.